கல்யாணம் ஆகாதவங்க கருத்தடை, ஹெச்.ஐ.வி. டெஸ்ட் கேட்கலாமா? வீட்டுக்குச் சொல்வாங்களா? சட்டம் என்ன சொல்கிறது?

காய்ச்சல் வந்தால் வீட்டில் சொல்லிவிடுகிறோம். பல் வலித்தால் நண்பனோடு பைக்கில் போய் டாக்டரைப் பார்த்துவிடுகிறோம். ஆனால் பிறப்புறுப்பில் ஒரு புண், தள்ளிப்போன மாதவிடாய், கிழிந்துபோன காண்டம் என்றால் பலரும் முதலில் தேடுவது கூகுளைத்தான். அடுத்து நண்பர்கள். டாக்டர் கடைசிதான்.

காரணம் நோய் பற்றிய பயம் மட்டும் இல்லை. "தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?", "கல்யாணம் ஆச்சானு கேட்டா என்ன சொல்றது?", "வீட்டுக்கு போன் பண்ணிடுவாங்களா?", "போலீஸ் கேஸ் ஆகிடுமா?" - இந்த நான்கு கேள்விகள்தான் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

இந்தக் கேள்விகளுக்கு 18 வயதுக்கு மேல் ஒரு பதில், 18 வயதுக்குக் கீழ் வேறொரு பதில். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத பயமும் வருகிறது, வீணான தாமதமும் ஆகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமா சொன்னா என்ன?

* 18 வயது ஆனவர் ஹெச்.ஐ.வி. பரிசோதனை, பால்வினை நோய் சிகிச்சை, கருத்தடை, கருக்கலைப்பு என எதற்கும் பெற்றோர் கையெழுத்தோ, கணவர் கையெழுத்தோ தேவையில்லை.
* கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.
* அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.
* 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம் குறுக்கே வரும். ஆனாலும் சிகிச்சை பெறும் உரிமை இருக்கிறது.
* சில விஷயங்களில் 72 மணி நேரம்தான் அவகாசம்.

எங்கே போகணும்?

தமிழ்நாட்டில் இதற்கான மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பெயர்ப்பலகையைப் பார்த்தால் அது எதற்கான இடம் என்று புரியாது. அதுவே ஒரு வகையில் உங்களுக்குப் பாதுகாப்பு.

*நம்பிக்கை மையம்:* ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள், பல தாலுகா மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறது.

*சுகவாழ்வு மையம்:* பால்வினை நோய்களுக்கானது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், பிறப்புறுப்பில் புண் அல்லது மரு, தொடை இடுக்கில் கட்டி - இவை எதற்கும் இங்கே போகலாம்.

*வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை மையம்:* 2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தின் கீழ் வருவது. 10 முதல் 19 வயது வரையிலான ஆண், பெண் இருவருக்கும் பொது. மாதவிடாய் பிரச்சினை, ரத்தசோகை, மனநலம், போதைப் பழக்கம், பாலியல் சந்தேகங்கள் என எல்லாவற்றையும் பேசலாம்.

*மகப்பேறு மற்றும் குடும்ப நலப் பிரிவு:* கருத்தடை, கர்ப்பப் பரிசோதனை, கருக்கலைப்பு எல்லாம் இங்கேதான்.

எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 1097-க்கு போன் போடுங்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச எண் இது. பெயர் சொல்லாமலேயே பேசலாம். பக்கத்து மையம் எங்கே என்று சொல்லிவிடுவார்கள்.

சொந்த ஊர் மருத்துவமனையில் தெரிந்த முகங்கள் இருக்கும் என்று பயமா? பக்கத்து தாலுகாவுக்கோ, படிக்கும் ஊரில் உள்ள மையத்துக்கோ போகலாம். இன்ன ஊர்க்காரர் இந்த மையத்துக்குத்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உள்ளே போனா என்ன நடக்கும்?

நம்பிக்கை மையத்தில் முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். எப்போது உறவு நடந்தது, பாதுகாப்பு பயன்படுத்தினீர்களா என்று கேட்பார். உங்களைக் குற்றவாளி ஆக்குவதற்காகக் கேட்பதில்லை. எந்தப் பரிசோதனை, எப்போது எடுக்க வேண்டும் என்று முடிவு செய்யத்தான்.

நீங்கள் சம்மதித்த பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். துரிதப் பரிசோதனை என்பதால் முடிவு பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். பாசிட்டிவ் என்று சொல்லும் முன் வெவ்வேறு முறையில் மூன்று பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள்.

ஒரு விஷயம் முக்கியம். தொற்று உடலில் நுழைந்த உடனே பரிசோதனையில் தெரியாது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதனால் முதல் முறை நெகட்டிவ் வந்தாலும், 3 மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்வார்கள். போய்விடுங்கள்.

சுகவாழ்வு மையத்தில் அறிகுறிகளை வைத்தே அன்றைக்கே மருந்து தரும் முறை இருக்கிறது. சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என ஏழு நிறப் பொட்டலங்களில் மருந்துகள் தயாராக இருக்கும். எந்தப் பிரச்சினைக்கு எந்த நிறம் என்று டாக்டர் முடிவு செய்வார். துணைக்கும் சேர்த்து சிகிச்சை எடுக்கச் சொல்வார்கள். ஏனென்றால் ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் தொற்று திரும்ப வந்துவிடும்.

புண் தானாக ஆறிவிட்டதே, இனி எதற்கு டாக்டர் என்று விட்டுவிடாதீர்கள். சிபிலிஸ் எனப்படும் மேகப்புண் முதலில் வலியே இல்லாமல் வந்து, சில வாரங்களில் தானாக மறைந்துவிடும். ஆனால் கிருமி உடலுக்குள்ளேயே இருக்கும். பல வருடம் கழித்து இதயம், மூளை வரை பாதிக்கலாம். ஆரம்பத்திலேயே வந்தால் பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"னு கேட்டா?

கேட்பார்கள். ஓ.பி. சீட்டிலேயே சில இடங்களில் அந்தக் கேள்வி இருக்கும். "ஆகல" என்று நேராகச் சொல்லலாம். அதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது.

பயத்தில் பொய் சொல்வதுதான் ஆபத்து. உறவே நடக்கவில்லை என்று சொன்னால், டாக்டர் கர்ப்பப் பரிசோதனையைத் தவிர்த்துவிடலாம். அடிவயிற்று வலிக்குக் காரணம் கருக்குழாயில் தங்கிய கரு என்றால், அந்தத் தாமதம் உயிருக்கே ஆபத்தாகிவிடும். கூட வந்தவர்கள் முன்னால் பேச முடியவில்லை என்றால் "டாக்டர், தனியா பேசணும்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் போதும்.

72 மணி நேரம்... ஏன் முக்கியம்?

இரண்டு விஷயங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

முதலாவது, அவசர கருத்தடை மாத்திரை. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், அதாவது 3 நாட்களுக்குள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் மாத்திரை. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவைக் கலைக்காது. பால்வினை நோயையும் தடுக்காது. மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

72 மணி நேரம் தாண்டிவிட்டால்? 5 நாட்களுக்குள் காப்பர்-டி பொருத்தினாலும் கர்ப்பத்தைத் தடுக்க முடியும். அதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து. தொற்று வந்திருக்கலாம் என்ற சூழலில், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் இருக்கின்றன. குறிப்பாகப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு இது மிக அவசியம். ராத்திரி நேரம் என்றாலும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். திங்கள்கிழமை பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

மருந்துக் கடையில் "இல்ல"னு சொல்றாங்களே?

இது தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கல். அவசர கருத்தடை மாத்திரை 2005 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலேயே விற்கக்கூடிய மருந்து. மற்ற மாநிலங்களில் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பல கடைகள் பல வருடங்களாக அதை வாங்கி வைப்பதே இல்லை. சில கடைகளில் சீட்டு கேட்பார்கள். சில கடைகளில் பார்வையிலேயே பதில் இருக்கும்.

சட்டப்படி இங்கே தடை எதுவும் இல்லை. ஆனால் தடை இருக்கிறது என்று கடைக்காரரும் நம்புகிறார், வாங்க வருபவரும் நம்புகிறார். நடுவில் 72 மணி நேரம் ஓடிவிடுகிறது.

என்ன செய்யலாம்? ஒரு கடையில் இல்லை என்றால் பெரிய மருந்துக் கடைகளில் கேட்கலாம். அரசு மருத்துவமனை குடும்ப நலப் பிரிவில் கேட்கலாம். அரசு விநியோகத்தில் 'ஈசி பில்' என்ற பெயரில் வருவது இதே மாத்திரைதான். மகளிர் மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டும் போகலாம்.

காண்டம் வாங்க வயது வரம்பு எதுவும் கிடையாது. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கருக்கலைப்பு மாத்திரை வேறு, அவசர கருத்தடை மாத்திரை வேறு. கருக்கலைப்பு மாத்திரையை டாக்டர் மேற்பார்வை இல்லாமல், யாரிடமாவது வாங்கிச் சாப்பிடுவது அதிக ரத்தப்போக்கில் முடியலாம்.

கருக்கலைப்பு: கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு உரிமை இருக்கா?

இருக்கிறது. மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. 2021-ல் திருத்தப்பட்டது. கருத்தடை தோல்வி என்ற காரணத்தைச் சொல்லும் இடத்தில் முன்பு 'கணவர்' என்று இருந்ததை, திருத்தத்தில் 'துணை' என்று மாற்றினார்கள்.

இப்போதைய நிலை இதுதான்:

* 20 வாரம் வரை: ஒரு டாக்டரின் கருத்து போதும்.
* 20 முதல் 24 வாரம் வரை: இரண்டு டாக்டர்களின் கருத்து தேவை. வன்கொடுமைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு இது பொருந்தும்.
* மாத்திரை மூலம் கலைப்பது: 9 வாரம் வரை, டாக்டர் மேற்பார்வையில்.

24 வார வரம்பு கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

18 வயது நிரம்பிய பெண் என்றால் அவரது கையெழுத்து மட்டும் போதும். "அப்பாவைக் கூட்டிட்டு வா", "புருஷனைக் கூட்டிட்டு வா" என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அவரது பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்றும் சட்டம் சொல்கிறது.

18 வயதுக்குக் கீழ் இருந்தா?

இங்கேதான் சிக்கல். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள். இருவரும் விரும்பித்தான் பழகினோம் என்று சொன்னாலும், சட்டத்தின் பார்வையில் அது சம்மதம் ஆகாது. அதற்கு முன்பு வரை இந்த வயது வரம்பு 16.

சட்டத்தின் 19-வது பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. டாக்டருக்கும் இது பொருந்தும். சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை.

யோசித்துப் பாருங்கள். 17 வயதுப் பெண் ஒருவர் கர்ப்பமாகிவிடுகிறார். மருத்துவமனைக்குப் போனால் பையன் மீது வழக்கு வரும். போகாமல் இருந்தால் அவரது உயிருக்கே ஆபத்து. குழந்தைகளைப் பாதுகாக்க வந்த சட்டமே ஒரு சிலரை டாக்டரிடம் போகவிடாமல் தடுக்கிறது. போலி டாக்டர்களிடம் தள்ளுவதும் இந்தப் பயம்தான்.

இதைத்தான் 2022 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கவனித்தது. சிறுமியும் அவரது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று கூறியது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் 2023-ல் நீதிபதிகள் என்.ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு இதைச் சுட்டிக்காட்டி, கருக்கலைப்புக்காகச் சிறுமியின் பெயரைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று சொன்னது.

ஆனாலும் 18 வயதுக்குக் கீழ் கருக்கலைப்புக்குப் பாதுகாவலரின் எழுத்துபூர்வ சம்மதம் தேவை. ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் கேட்பார்கள். வீட்டில் அம்மா, அக்கா, சித்தி என்று நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்வது இந்த வயதில் தவிர்க்க முடியாதது. சொல்லவே முடியாத சூழல், அல்லது வீட்டில் இருப்பவரால்தான் பிரச்சினை என்றால் 1098-க்கு அழைக்கலாம்.

இந்தச் சிக்கலுக்கு முழுத் தீர்வு இன்னும் வரவில்லை. வயது வரம்பை 16 ஆகக் குறைக்கலாமா என்ற கேள்வியை 2019-லேயே சென்னை உயர் நீதிமன்றம் எழுப்பியது. 2023-ல் மத்திய சட்ட ஆணையம் தனது 283-வது அறிக்கையில், வயதைக் குறைக்க வேண்டாம், ஆனால் 16 முதல் 18 வயதினர் விரும்பிப் பழகிய வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் தரலாம் என்று பரிந்துரைத்தது.

வெறும் சந்தேகம் கேட்க, மாதவிடாய் பற்றிப் பேச, வெள்ளைப்படுதலுக்கு மருந்து வாங்க போலீஸ் வரமாட்டார்கள். அதற்காகப் பயந்து ஆலோசனை மையத்துக்கே போகாமல் இருக்க வேண்டாம்.

வீட்டுக்குச் சொல்வாங்களா?

18 வயதுக்கு மேல் என்றால் சொல்லக் கூடாது. நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிமுறைகளிலேயே இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு.

ஹெச்.ஐ.வி. விஷயத்தில் தனிச் சட்டமே இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் அது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. ஹெச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி வேலை, படிப்பு, வாடகை வீடு, சிகிச்சை எதையும் மறுக்கக் கூடாது.

நடைமுறையில் ரகசியம் கசிவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான். வீட்டு போன் நம்பரைக் கொடுப்பது, லேப் ரிப்போர்ட் அப்பாவின் வாட்ஸ்-அப்புக்குப் போவது, அப்பாவின் காப்பீட்டில் பில் போடுவது. உங்கள் சொந்த நம்பரையே கொடுங்கள். ரிப்போர்ட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் என்றால்?

சிகிச்சை உரிமை எல்லோருக்கும் ஒன்றுதான். யாருடன் உறவு என்பதை டாக்டரிடம் சொன்னால் சரியான பரிசோதனை செய்ய உதவும். "உன்னை மாத்திடலாம்" என்று யாராவது சிகிச்சை தரப் பார்த்தால், அது தவறு. பாலின, பாலியல் அடையாளத்தை மாற்றும் சிகிச்சைக்கு எதிராக 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

வன்கொடுமை நடந்திருந்தா?

முதலில் சிகிச்சை. வழக்கெல்லாம் பிறகுதான். அரசு, தனியார் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் உடனடியாக, இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்பது சட்டம். எஃப்.ஐ.ஆர். கொண்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. மருத்துவமனையே போலீஸுக்குத் தகவல் சொல்லும். 'இரு விரல் பரிசோதனை' செய்யக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மையத்தில் மறுத்தா, அவமானப்படுத்தினா?

சண்டை போட வேண்டாம். எதற்காக மறுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாள், நேரம், எந்தப் பிரிவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்க்கலாம். 104-க்கு போன் செய்யலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் புகார் தரலாம். ஹெச்.ஐ.வி. தொடர்பான பாகுபாடு என்றால், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனைகளில் புகார் அதிகாரி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

ஆனால் புகாரை விட சிகிச்சைதான் அவசரம். ஒரு இடத்தில் மறுத்தால் அன்றைக்கே அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள்.

சேவ் பண்ணி வைக்க வேண்டிய எண்கள்

* 1097 - ஹெச்.ஐ.வி., பால்வினை நோய் ஆலோசனை
* 104 - தமிழ்நாடு அரசு மருத்துவ ஆலோசனை
* 1098 - குழந்தைகள் உதவி
* 181 - பெண்கள் உதவி
* 14416 - மனநல ஆலோசனை

1986-ல் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும்தான். 1994-ல் நாட்டிலேயே முதல் முறையாக எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்ததும் தமிழ்நாடுதான். அந்த வார்த்தையைச் சொல்லவே ஊர் பயந்த காலத்தில், 'நம்பிக்கை மையம்' என்று பலகை மாட்டி கதவைத் திறந்து வைத்த மாநிலம் இது. அந்தக் கதவு உங்களுக்கும் சேர்த்துத்தான். கல்யாணப் பத்திரிகை எல்லாம் காட்ட வேண்டியதில்லை.

(இது பொதுவான தகவல். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யவும்.)